தனிமைப்படுத்தலில் இருக்கிறீர்களா? முதலில் ஒரு தேதியைக் கேட்டு வாங்குங்கள்

கொரோனா காலத்தில் போனில் பேசுவதுதான் என் வேலை. தொற்று வந்தவரோடு பழகியவர்கள், பயணம் முடித்து வந்தவர்கள், சொந்த வீட்டிலேயே ஒரு அறைக்குள் அடைந்திருப்பவர்கள் என்று தினமும் காலையில் ஒரு பட்டியல் கைக்கு வரும். மனநல ஆலோசகர் என்ற முறையில் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்க வேண்டும். நான் மனதைப் பற்றிப் பேசத்தான் அழைப்பேன். அவர்கள் கேட்பது வேறாக இருக்கும். "ரிப்போர்ட் எப்ப வரும்?", "பதினாலு நாள்னா இன்னைலேருந்தா, நேத்துலேருந்தா?", "பிரஷர் மாத்திரை நாளையோட முடியுதுங்க, யாருகிட்ட சொல்றது?"

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தவர்களின் குரல் மறுநாளே தெளிந்துவிடும். மூச்சுப் பயிற்சியால் தெளிந்த குரல்களைவிட இப்படித் தெளிந்தவை அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் மனம் கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

2020 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. சார்ஸ், எபோலா போன்ற நோய்கள் பரவியபோது தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றி 10 நாடுகளில் செய்த 24 ஆய்வுகளை அதில் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். அவர்களை வாட்டியவை என்று அது சொன்னவை: நாட்கள் நீள்வது, தொற்று பற்றிய பயம், சலிப்பு, தேவையான பொருட்கள் கிடைக்காதது, சரியான தகவல் கிடைக்காதது. வெளியே வந்த பிறகு பணக்கஷ்டமும், மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பதும். இதில் பாதிக்கு மேல் தலைக்குள் இருக்கும் பிரச்சினையே இல்லை. ஒரு போன் கால், ஒரு பை சாமான், ஒரு தெளிவான பதில் இருந்தால் குறைந்துவிடும்.

முதல் நாளே கேட்க வேண்டியவை

எந்த நாளிலிருந்து கணக்கு? எந்த நாள், எத்தனை மணிக்கு முடிகிறது? கடைசியில் டெஸ்ட் உண்டா? உண்டென்றால் முடிவு வரும்வரை உள்ளேயே இருக்க வேண்டுமா? இதே வீட்டில் இன்னொருவருக்குத் தொற்று வந்தால் என் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குமா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. பிறகு அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முடியப்போகிற நேரத்தில் "இன்னும் நாலு நாள்" என்று கேட்க நேர்வது, முதலிலேயே பதினெட்டு நாள் என்று தெரிந்துகொள்வதைவிடப் பெரிய அடி. 2003இல் சார்ஸ் பரவியபோது டொராண்டோவில் தனிமைப்படுத்தப்பட்ட 129 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் சுமார் 29 சதவீதம் பேரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகளும், சுமார் 31 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. பத்து நாளுக்கு மேல் உள்ளே இருந்தவர்களிடம் அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன.

நாட்களின் எண்ணிக்கை யாரோ மனம்போல வைத்தது இல்லை. தொற்றுக் கிருமி உடலுக்குள் நுழைந்து அறிகுறி காட்ட அதிகபட்சம் எத்தனை நாள் ஆகும் என்பதுதான் அதன் அடிப்படை. எபோலாவுக்கு 21 நாள். கொரோனாவின் முதல் அலையில் 14. அதில் பலருக்கு ஐந்து நாளை ஒட்டியே அறிகுறி தெரிந்துவிட்டது, ஆனால் சிலருக்கு இரண்டு வாரம்வரை இழுத்தது. பின்னால் பல நாடுகள் இந்தக் காலத்தைக் குறைத்தன. இந்தக் காரணம் தெரிந்தவர்களுக்குக் கோபம் கொஞ்சம் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். "என்னை ஏன் அடைச்சு வச்சிருக்காங்க" என்பது "இன்னும் அஞ்சு நாள்ல தெரிஞ்சிடும்" என்று மாறுகிறது.

கிடைத்த தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கூடவே ஒரே ஒரு தொலைபேசி எண். மருத்துவ விஷயமானாலும் சாமான் விஷயமானாலும் யாரை அழைப்பது என்பது ஒருவரோடு நிற்கட்டும். ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து பதில் வரும், ராத்திரி தூக்கம் போகும்.

அடுத்து, சாமான் பட்டியல். தினமும் சாப்பிடும் மாத்திரைகள் முழுக் காலத்துக்கும் வேண்டும். மனநல மாத்திரை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், பல மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலே தலைசுற்றலும் பதற்றமும் வரும். மூக்குக்கண்ணாடி, தெர்மாமீட்டர், கட்டில்வரை எட்டும் நீளமான வயருள்ள சார்ஜர், மாற்றுப் படுக்கைவிரிப்பு. அப்புறம் சானிட்டரி நாப்கின். சாமான் கொண்டுவந்து தருபவர் ஆண் என்றால் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பழைய துணியை வைத்துச் சமாளித்த பெண்களிடம் பேசியிருக்கிறேன். கேட்கக் காத்திருக்காமல் பையில் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கூச்சம் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும். தினமும் மது குடிக்கும் பழக்கம் உள்ளவர் அறைக்குள் போனதும் சட்டென்று நிறுத்த நேரிடுகிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரிகிற குழப்பமும் வரலாம். இதை மன அழுத்தம் என்று நினைத்து விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்து கொடுத்து எளிதாகச் சமாளிக்கலாம், ஆனால் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். "பதினாலு நாள் உள்ள இருந்தா குடியை விட்டுடுவாரு, நல்லதுதானே" என்று மகிழ்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது மருத்துவரின் எண்.

ஒரே அறையை மூன்றாகப் பிரிப்பது

படுக்கை தூங்க மட்டும். சாப்பாடு, போன், அலுவலக வேலை எல்லாம் கட்டிலிலேயே நடந்தால், ராத்திரி படுத்ததும் மூளைக்கு இது தூங்கும் இடம் என்று தெரியாமல் போகிறது. தூக்கமின்மைக்கு இன்றும் பரிந்துரைக்கப்படும் இந்த முறையை 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்தார். படுத்து ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது செய்துவிட்டுக் கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், இருபது என்பது உத்தேசம்தான்.

அறையில் நாற்காலியே இல்லை என்பார்கள். சரி, பகலில் கால்மாட்டுப் பக்கம் உட்காருங்கள், தலைமாட்டுப் பக்கம் ராத்திரிக்கு. விரிப்பைக் காலையில் மடித்து வைத்துவிடுங்கள். ஜன்னல் ஓரம் மூன்றாவது இடம். எழுந்ததும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் நேரம் திருத்திக்கொள்கிறது. நாள் முழுக்கத் திரை மூடிய அறையில் இருப்பவருக்குத் தூக்கம் மெல்லப் பின்னால் தள்ளிப்போய், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு நோயைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பார்.

நேர அட்டவணை போடச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. புது மொழி கற்பது, பத்துக் கிலோ குறைப்பது, அலமாரியில் இருக்கும் புத்தகம் எல்லாவற்றையும் முடிப்பது என்று முதல் நாள் எழுதுபவர்கள் நான்காம் நாள் அதைப் பார்த்தே சோர்ந்துபோகிறார்கள். இரண்டு நேரங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எழும் நேரம், ஒருவரோடு பேசும் நேரம். நடுவில் குளித்து உடை மாற்றியாக வேண்டும். "யாரு பாக்கப் போறா?" என்பார்கள். யாரும் பார்க்காவிட்டாலும் நேற்று முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே.

செய்தியும் கவலையும்

செய்தி ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். படுக்கப் போகும் முன் வேண்டாம். வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு டாக்டர் பெயரைச் சொல்லி வரும் குரல் பதிவை முழுதாகக் கேட்க வேண்டிய அவசியமில்லை.

கவலைப்படாதீர்கள் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கவலைக்கு நேரம் ஒதுக்கச் சொல்வேன். 1980களில் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழு சோதித்துப் பார்த்த முறை இது. மாலையில் ஒரு அரை மணி நேரம், தினமும் அதே நேரம், அதே இடம், கட்டிலில் மட்டும் கூடாது. பகலில் எந்தக் கவலை வந்தாலும் ஒரு வரி எழுதிவைத்து "உனக்கு அஞ்சு மணி" என்று தள்ளிவிட வேண்டும். ஐந்து மணிக்கு உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஆர அமரப் பார்த்துக் கவலைப்பட வேண்டும். செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதைச் செய்வது, இல்லாததை நாளைய பட்டியலுக்கு மாற்றுவது.

விடுதி அறையில் தனியாக இருந்த ஒரு மாணவனுக்கு இதைச் சொன்னபோது சிரித்தான். சில நாள் கழித்து, "அக்கா, அஞ்சு மணிக்கு எடுத்துப் பாத்தா பாதிக் கவலை எதுக்கு எழுதினேன்னே புரியலக்கா" என்றான். மீதிப் பாதி நிஜக் கவலை, தேர்வுக் கட்டணம் பற்றியது. அதற்குக் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம்.

மூச்சு முட்டும்போது

நுரையீரலைத் தாக்கும் நோய் பரவும் காலத்தில் பதற்றமும் நோயும் ஒரே மாதிரி வந்து நிற்கும். நெஞ்சு இறுகும், மூச்சு போதவில்லை போலிருக்கும். "எனக்கு வந்துடுச்சு" என்று தோன்றும், அந்த எண்ணமே மூச்சை இன்னும் வேகமாக்கும். வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை சுற்றும். இதையும் நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்வோம். சுற்று முழுமையாகிவிடும்.

முதலில் உடலைச் சோதியுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் (இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி) இருந்தால் மாட்டிப் பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, அசையாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து படிக்க வேண்டும். 94க்குக் கீழே காட்டினால் மறுபடி பாருங்கள், அப்படியே இருந்தால் மருத்துவரை அழையுங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு எச்சரித்தது. நம்மில் பலருக்கு இது முக்கியம். எண் நன்றாக இருந்தும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூத்திருக்கிறது, நெஞ்சுவலி நிற்கவில்லை என்றால் எண்ணை நம்பாதீர்கள், உடனே உதவி கேளுங்கள். கொரோனாவில் இன்னொரு வினோதமும் உண்டு. சிலருக்கு மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் அளவு இறங்கியது. அதனால் தொற்று உறுதியானவர்கள் நன்றாக இருக்கும்போதும் குறித்த நேரத்தில் அளந்துவிட வேண்டும். மற்ற நேரத்தில் கருவியை மேஜை இழுப்பறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பவரின் பதற்றத்தை அந்தக் கருவியே வளர்க்கும்.

அளவு சரி, மற்ற அடையாளங்களும் இல்லை என்றால் இது பதற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஆழமாக மூச்சை இழுக்காதீர்கள். எல்லோரும் சொல்லும் "நல்லா இழுத்து மூச்சு விடு" இந்த நேரத்தில் நிலைமையை மோசமாக்கும். வெளியே விடுவதை நீட்டுங்கள். மூக்கால் நாலு எண்ணும்வரை சாதாரணமாக உள்ளே, வாயைக் குவித்து ஆறு எண்ணும்வரை வெளியே. கால் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும். பீதி பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். அதை விரட்டப் பார்க்காமல், அது இறங்கும்வரை எண்ணிக்கொண்டிருப்பதுதான் நம் வேலை.

பாதி தாண்டிய பிறகு

முதல் சில நாட்கள்தான் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அழைத்தவர்களில் நிறையப் பேர் பாதியைத் தாண்டிய பிறகுதான் சரிந்தார்கள். ஆரம்பத்து விறுவிறுப்பு போய்விடும், முடிவு இன்னும் கைக்கு எட்டவில்லை. அண்டார்டிகா ஆய்வு நிலையங்களில் குளிர்காலம் முழுக்க அடைபட்டிருப்பவர்களிடமும் மூன்றாவது கால்பகுதியில் மனம் தொய்வதைச் சில ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. எல்லா ஆய்வுகளிலும் அது வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அப்படி வந்தால் 'நான் உடைந்துபோகிறேன்' என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த நாட்களுக்கென்று எதையாவது மிச்சம் வைத்திருங்கள்: வேண்டுமென்றே பார்க்காமல் விட்ட ஒரு தொடர், தள்ளிவைத்த ஒரு நண்பரின் அழைப்பு.

பிறந்தநாள் நடுவில் வந்தால் உள்ளேயே கொண்டாடிவிடுங்கள். நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களும் 1969இல் தனிமைப்படுத்தப்பட்டார்கள், 21 நாள் கணக்கு. நீல் ஆம்ஸ்ட்ராங் தன் 39ஆவது பிறந்தநாளை அதற்குள்தான் கொண்டாடினார். அவர்களுக்குச் சமையல்காரரும் மருத்துவரும் உள்ளேயே இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

வெளியிலிருந்து அழைப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை உள்ளே இருப்பவர் படிக்க வேண்டியதில்லை. அப்படியே அண்ணனுக்கோ தோழிக்கோ அனுப்பிவிடலாம்.

குறித்த நேரத்தில் அழையுங்கள். நாளைக்கு ஆறு மணிக்கு என்று சொன்னால் ஆறு மணிக்கு. உள்ளே இருப்பவருக்கு அந்த நாளில் நடக்கப்போகிற ஒரே நிகழ்ச்சி அதுவாக இருக்கலாம். "எப்படி இருக்கே?" என்று தொடங்கினால் "இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். காலையில் ஜன்னல் வழியாக என்ன தெரிந்தது, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது என்று சின்னதாகக் கேளுங்கள். காய்ச்சல் விசாரணையைக் கடைசிக்கு வையுங்கள். "ஜாலியா ரெஸ்ட் எடுக்குறே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முடிந்தால் அவரிடம் ஒரு முடிவைக் கேளுங்கள். தன் வீட்டிலேயே மாடி அறையில் இருந்த ஒரு வயதான அம்மா என்னிடம் பேசவே மாட்டார், "நான் செத்தா என்ன, இருந்தா என்னம்மா" என்பார். மகளிடம் சொல்லி வைத்தேன். மறுநாள் அவள் கீழிருந்து போன் செய்து, "அம்மா, வீட்டு வரி ரசீதை எங்க வச்சிருக்கே? இந்த வருஷம் யார் பேருல கட்டுறது?" என்று கேட்டாள். அரை மணி நேரம் அந்த அம்மா மகளைத் திட்டிக்கொண்டே வழி சொன்னார். அன்று சாயங்காலம் என்னிடமும் பேசினார், அதுவும் மகளுக்குப் பொறுப்பில்லை என்பதைப் பற்றி.

நன்றி சொல்லுங்கள். கட்டாயத்தால் அடைபட்டதாக நினைப்பதைவிட, மற்றவர்களுக்காகச் செய்வதாக நினைப்பவருக்குச் சுமை குறைவு. நான் முதலில் சொன்ன லான்செட் தொகுப்பாய்விலும் இது வருகிறது. குழந்தை வெளியேயும் பெற்றவர் உள்ளேயும் என்றால் உண்மையைச் சிறிய சொற்களில் சொல்லிவிடுங்கள்: அப்பா அந்த அறையில் இருக்கிறார், இந்தத் தேதிக்கு வெளியே வருவார், உன்னால் இது வரவில்லை. கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் என்று குழந்தைகள் தாமாகவே நினைத்துக்கொள்வார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லை, சாப்பிடுவதில்லை, போனை எடுப்பதில்லை, பொருட்களை யார் யாருக்கோ கொடுத்துவிடச் சொல்கிறார், தான் பாரம் என்கிறார். இப்படி இருந்தால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டபிறகு அழுது கொட்டிவிட்டவர்களே அதிகம். ஆமாம் என்றால் போனை வைக்காமல், இன்னொரு எண்ணிலிருந்து மருத்துவரையோ நெருக்கடி உதவி எண்ணையோ அழையுங்கள். அறையில் இருக்கும் மாத்திரை, கூர்மையான பொருள் என்ன என்று கேட்டு அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியாக விடக்கூடாத நிலை என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, உள்ளே போய் உட்காருங்கள். தொற்று விதிக்காக ஓர் ஆளைக் கதவுக்குப் பின்னால் தனியே விட்டுவைக்கும் நேரம் அதுவல்ல.

வெளியே வந்த பிறகு

காலம் முடிந்ததற்கு எழுத்தில் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்பும்போதும், வாடகை வீட்டுக்காரர் முகம் சுளிக்கும்போதும் பேசிப் புரியவைப்பதைவிடக் காகிதத்தை நீட்டுவது சுலபம். அதன்பிறகும் ஒதுங்கிப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டாம்.

கூட்டத்தைக் கண்டால் விலகுவது, கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது, யாராவது இருமினால் உடம்பு விறைப்பது எல்லாம் பல மாதம்வரை நீடித்ததாகப் பழைய ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கொஞ்ச நாள் அப்படி இருந்தால் பரவாயில்லை. முதல் நாளே சந்தைக்கூட்டத்துக்குள் போக வேண்டாம். ஒரு தெரு நடந்து வாருங்கள், மறுநாள் இரண்டு தெரு, பிறகு ஒரு நண்பர் வீட்டு வாசல்வரை. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கூடும் என்பதால் தினமும் கொஞ்சமாவது போக வேண்டும். ஒரு மாதம் கழிந்தும் கெட்ட கனவு நிற்கவில்லை, தோல் வெடிக்கும் அளவுக்குக் கை கழுவுகிறீர்கள், வாசலைத் தாண்ட முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உள்ளே எத்தனை நாள் இருந்தீர்கள், முடியும் தேதியை எத்தனை முறை மாற்றினார்கள் என்பதையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.